நாகினியும் எழுபது ரூபாயும்

எந்த சீரியல் ஓடுகிறது, எது விழுந்துவிட்டது என்று எண்ணிச் சொல்ல மும்பையில் பார்க் என்ற அமைப்பு இருக்கிறது. வீடுகளில் மீட்டர் வைத்து, வாரம் தவறாமல் வியாழக்கிழமை கணக்கு வெளியிடுவார்கள். எங்கள் தெருக்களில் எந்த வீட்டிலாவது அந்த மீட்டர் இருந்து நான் பார்த்ததில்லை. தொண்டியில் கேபிள் ஓட்டுகிறவனுக்கு அது தேவையும் இல்லை. லைன் கட்டானால் எவ்வளவு சீக்கிரம் போன் வருகிறது என்பது ஒரு கணக்கு. மாதம் பிறந்து கலெக்ஷனுக்குப் போகும்போது வாசலில் நிற்கிற பெண்கள் எந்த நாடகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்குதான் என் அனுபவத்தில் பொய் சொன்னதே இல்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது ஆன்டெனா காலம் முடிகிற சமயத்தில். அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் கரையில் அப்போது டிவி என்றால் பாதி சிலோன் டிவிதான். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும் தொண்டி, நம்புதாளை, சோளியக்குடிப் பக்கமெல்லாம் வீட்டு உயரத்துக்கு இரண்டு மடங்கு குழாய் நட்டு, நுனியில் ஆன்டெனா கட்டி, கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். காற்று விழுந்த ராத்திரியில் படம் கண்ணாடி மாதிரி வரும். கச்சான் காற்று வீசினால் குழாயே ஆட்டம் போடும். படத்துக்கு எங்கே போவது? பிறகு ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரக் கோபுரம் எழும்பியது. ஆனால் அது முழு வேலைக்கு வருவதற்குள்ளேயே ஊரில் டிஷ் வந்துவிட்டது, சன் டிவி வந்துவிட்டது, நாங்கள் மரத்துக்கு மரம் வயர் கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

பேய், பாம்பு, சாமி நாடகங்களுக்கு எங்கள் ஊரில் சாதி மதம் கிடையாது. பள்ளிவாசல் தெருவிலும் பார்ப்பார்கள், மாதா கோயில் பக்கத்து மீனவர் குடியிருப்பிலும் பார்ப்பார்கள். 1990-களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த ‘மர்மதேசம்’ வந்தபோது நான் கண்ணால் கண்டது இது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். முதலில் ‘ரகசியம்’. பைரவர் கோயில், ராத்திரியில் அங்கே தங்கினால் உயிர் தங்காது என்கிற மாதிரி ஒரு கிராமம். அது முடிந்து ‘விடாது கருப்பு’ வந்தது. வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு பயம். தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் வருகிற கருப்பு. இன்றைக்கும் மர்மதேசம் என்றால் ஆட்கள் முதலில் சொல்வது இரண்டாவதாக வந்த இந்தக் கதையைத்தான். இரண்டாவது பாகம் என்றாலே சொதப்பும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளாததற்கு இது ஒன்றே போதும். ‘நாகினி’யின் இரண்டாம் பாகம் சொதப்பியதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி உயிர் பெற்றது. மாதம் எழுபது ரூபாய். அதில் இருபது ரூபாய் அரசு கேபிள் கார்ப்பரேஷனுக்கு, மீதி ஆபரேட்டருக்கு. சேனல் வரிசை எங்கள் கையில் இல்லை. மாவட்டத்திலிருந்து வருகிற சிக்னலை அப்படியே வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதுதான். பெரும்பாலான வீடுகளில் அரசாங்கம் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி. உப்புக் காற்றில் அதன் பின்பக்கம் துருப்பிடித்து, மேலே தட்டினால்தான் படம் வரும் என்ற நிலைமையில் இருக்கும். அந்த டிவிகளில் கடைசி வரிசை சேனல்கள் புள்ளியடிக்கும். அப்படிப் புள்ளியடித்தாலும் பரவாயில்லை என்று ஊரே பார்த்த நாடகம் ‘நாகினி’.

இந்தியில் கலர்ஸ் சேனலில் 2015 நவம்பரில் ஆரம்பித்தது. ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ். தமிழில் குரல் மாற்றிப் பாலிமரில் போட்டார்கள். பாலிமருக்கு அதற்கு முன்பே எங்கள் ஊரில் நல்ல கிராக்கி. ‘மூன்று முடிச்சு’ என்ற பெயரில் ஒரு இந்தி மருமகள் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கான குடும்பக் கதையாக ஆரம்பித்து, பேய் வந்து, சூனியம் வந்து, கடைசியில் கதாநாயகி ஈயாகவே மாறிப் பறந்தாள். நாகினிக்கு எங்கள் ஜனங்களைத் தயார்படுத்தியது அந்த நாடகம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாகத்துக் கதையை வாசலில் நின்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நான் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ வாசலில். கரண்ட் போனாலும், நோன்பு மாசத்தில் மாலை நேரம் டிவி அணைந்திருந்தாலும், விட்டுப்போன கதையை என்னிடம்தான் கேட்பார்கள். பெருநாள் கழிந்து போனால் லாத்தா ஒருத்தர் கதவு இடுக்கிலிருந்து எழுபது ரூபாயை நீட்டுவார், ஆனால் கையை விடமாட்டார்.

“தம்பி, அந்தப் பாம்புப் பொண்ணு என்னாச்சு?”

“இன்னொருத்தன் முடிஞ்சான் லாத்தா. இப்ப மிச்சம் உள்ளவங்களைத் தேடுறா.”

“அஞ்சாவது ஆள் யாருன்னு தெரிஞ்சிச்சா?”

“இன்னும் இல்ல.”

ரூபாய் என் கைக்கு வந்துவிடும். கதை அவ்வளவுதான். சிவன்யா என்கிற இச்சாதாரி நாகினியின் அப்பா அம்மாவை நாகமணிக்காக ஐந்து பேர் கொன்றார்கள். அவள் பழிவாங்க அந்த வீட்டுக்கே மருமகளாக நுழைகிறாள். நான்கு பேர் யார் என்று தெரியும், ஐந்தாவது ஆள் மறைந்திருக்கிறான். கட்டிக்கொண்டவன் மேல் காதலும் வந்துவிடுகிறது. பார்க்கிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஒரு பெயர் அடிபட்டால் அடுத்தது யார் என்று எண்ணிக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் கணக்கு புதிது ஒன்றுமில்லை. 1976-இல் இந்தியில் வந்த ‘நாகின்’ படம் இதே வரிசைக் கொலைதான். நண்பர்கள் கூட்டம் ஆண் பாம்பைக் கொல்கிறது, பெண் பாம்பு ஒவ்வொருவராக முடிக்கிறது. அதில் கொல்லப்படும் நாகமாக நடித்தவர் ஜிதேந்திரா, ஏக்தா கபூரின் அப்பா. அந்தப் படம்தான் 1979-இல் தமிழில் ஸ்ரீப்ரியா, கமல்ஹாசன் நடித்த ‘நீயா?’ ஆனது. ‘நீயா?’வை டூரிங் டாக்கீஸில் மண்ணில் உட்கார்ந்து பார்த்த கிழவிகள்தான் எங்கள் ஊரில் நாகினிக்கு முதல் ரசிகைகள். பேத்திகளுக்கு அவர்களே விளக்கம் சொன்னார்கள்.

ஒரு ராத்திரி கடற்கரைக் குடியிருப்பில் லைன் போய்விட்டது. நாகினி ஆரம்பிக்கிற நேரம். போன் அடித்தது, எடுப்பதற்குள் இன்னொரு போன், அதற்குள் ஒரு பையனே சைக்கிளில் வந்து நின்றான். போய்ப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் விளக்கு எரிகிறது, அதற்கு அடுத்த இணைப்பில் சிக்னல் இல்லை. கம்பத்தில் ஏறி எஃப் கனெக்டரைக் கழற்றினால் நடுக்கம்பி பச்சை பூத்து, தொட்டதும் ஒடிந்தது. எங்கள் கரையில் எல்லா வயருக்கும் இதுதான் சாவு. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் ஐந்து வருஷம் தாங்குகிற கனெக்டர் இங்கே ஒரு வாடைக் காலம் தாங்காது. வயரை ஒரு விரல் நீளம் வெட்டி, மேல்தோலைச் சீவி, வலைக்கம்பியை மடக்கிவிட்டு, புது கனெக்டர் போட்டு, கிரீஸ் தடவி, டேப் சுற்ற வேண்டும். கிரீஸ் தடவாமல் டேப் மட்டும் சுற்றினால் உள்ளே நீர் கோத்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் போய்விடும். கீழே பெண்கள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள். “சீக்கிரம்யா, இன்னைக்கு ஒருத்தன் சாகப்போறான்” என்று ஒரு ஆத்தா கத்தினார். அவர் வீட்டுக்காரர் நண்டு வலையில் சிக்குகிற கடல்பாம்பை வெறும் கையால் வாலைப் பிடித்து எறிகிறவர். அவரும் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஆள் யாமினி, கதாநாயகனின் அம்மா என்று தெரிந்த அன்றைக்கு டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. யாமினியாக வந்தவர் சுதா சந்திரன். 1981-இல் திருச்சிப் பக்கம் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மறுபடி ஆடியவர். ‘மயூரி’ படத்தில் தன் கதையில் தானே நடித்தவர். அதே சமயத்தில் விஜய் டிவியில் ‘தெய்வம் தந்த வீடு’ மாமியாராகவும் தினமும் வந்துகொண்டிருந்தார். “அந்தப் பொம்பள எந்தச் சேனலுக்குப் போனாலும் மருமகளை நிம்மதியா விடமாட்டா போல” என்றார் டீக்கடைக்காரர்.

2016 ஜூனில் இந்தியில் முதல் பாகம் முடிந்தது. நாலு மாதத்தில், அக்டோபரில் இரண்டாம் பாகம். அதுவும் தமிழுக்கு வந்தது. மௌனி ராய்தான் மறுபடியும் நாகினி. கதாநாயகன் மட்டும் அர்ஜுன் பிஜ்லானிக்குப் பதில் கரண்வீர் போஹ்ரா. ஊரில் எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை. “ரெண்டாவது எப்பப்பா?” என்று கலெக்ஷன் போன இடமெல்லாம் கேட்டார்கள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் முதல் பாகத்தைவிட நல்ல ஆரம்பம். சிவன்யா நாக சக்தியை விட்டுவிட்டு மனுஷியாக வாழ்கிறாள். இருபத்தைந்து வருஷம் போய்விட்டது. ஷிவாங்கி என்று ஒரு மகள். இருபத்தைந்து வயது முடிந்தால் அவளும் நாகினி ஆகிவிடுவாள். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. தான் பட்டது போதும், மகள் சாதாரணப் பெண்ணாக வாழட்டும் என்று நினைக்கிறாள்.

இதை எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகன் வலையைத் தொடக்கூடாது, படித்து வெளியே போய்விட வேண்டும் என்று நேர்ந்துகொள்கிற அம்மாக்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். விடிந்தும் படகு வரவில்லை என்றால் சிலோன் நேவி பிடித்ததா, இன்ஜின் நின்றதா என்று தெரியாமல் கரையில் நிற்கிறவர்கள். மகனோ பதினாறு வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பா வள்ளத்தில் ஏறிப் போய்விடுவான். சோளியக்குடியில் ஒரு அக்கா இந்த நாடகத்தின் முதல் வாரங்களைப் பற்றி என்னிடம் சொன்னது: “அது பாம்பு நாடகம் இல்ல தம்பி. எங்க வீட்டு நாடகம்.” பாம்பு நாடகத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

இந்தக் கதையை அவர்கள் எடுக்கவில்லை. அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். சிவன்யா செத்ததும் அந்தப் பயம், அந்தப் பிடிவாதம், மகளோடு நடந்திருக்க வேண்டிய சண்டை எல்லாம் அவளோடு போயிற்று. மகள் நாகினியாகிப் பழிவாங்கக் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே நடிகை, ஒரே முகம். முதல் பாகத்தில் சிவன்யா அப்பா அம்மாவுக்காகச் செய்ததையே இரண்டாம் பாகத்தில் மகள் அம்மாவுக்காகச் செய்கிறாள். போதாக்குறைக்கு யாமினி மறுபடி வந்துவிட்டாள். சிவன்யாவின் பழைய தோழி சேஷா இப்போது எதிரி. காவலுக்கு ஒரு ஆண் நாகம் வேறு.

வாசலில் நின்று கதை சொல்கிற என் வேலை அங்கே முடிந்தது. முன்பு கதவு இடுக்கில் ரூபாயைப் பிடித்துக்கொண்டே கேட்ட லாத்தாவிடம் ஆரம்பித்தேன். “அம்மாவைக் கொன்னுட்டாங்க லாத்தா, கொன்னதுல யாமினி உண்டு, சேஷா உண்டு, இன்னும் சில பேர். மகளுக்கு இப்பக் கல்யாணம் ஆயிடுச்சு, ஆனா அந்த மாப்பிள்ளை…”

“யாமினி கணக்கு போன தடவையே தீரலையா?”

“இல்ல லாத்தா, அவ திரும்பவும்…”

“சரி விடு தம்பி. அடுப்புல உலை இருக்கு.”

எழுபது ரூபாய் உடனே கைக்கு வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

இரண்டாம் பாகத்தில் பட்டியல் இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. யாரை முடித்தால் கதை முடியும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. செத்தவர்கள் என்று நினைத்தவர்கள் வருகிறார்கள், வந்தவர்கள் வேறு உருவம் எடுக்கிறார்கள், அந்த உருவத்துக்குள் வேறு ஆள் இருக்கிறான். மாயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், நாங்கள் தயார். ஆனால் அந்த மாயத்துக்கும் எல்லை வேண்டும். எதனால் சாவாள், எதனால் சாகமாட்டாள் என்பது தெரிந்தால்தான் பயம் வரும். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தியில் இரண்டாம் பாகமும் ரேட்டிங்கில் மேலேதான் இருந்தது. 2017 ஜூன் 25 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். மும்பை மீட்டருக்கு அது வெற்றி. எங்கள் ஊரிலும் டிவியை அணைத்துவிடவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்து கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். முதல் பாகத்தின்போது அந்த நேரத்தில் கணவாயைத் தொடமாட்டார்கள். பார்க்கிறவர்கள் அப்படியே இருக்க, காத்திருக்கிறவர்கள் மட்டும் காணாமல் போவார்கள். மீட்டரில் இது தெரியாது.

அதே கடற்கரைக் குடியிருப்பில் அதே நேரத்தில் மறுபடியும் ஒரு ராத்திரி லைன் போனது. எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் காலையில் ஒருத்தர், “பாட்டுச் சேனல் வரலியே” என்று போன் செய்தபோதுதான் கம்பத்துக்குப் போனேன்.

வேறு காரணங்களும் உண்டு. அந்த மாதங்களில் செய்திச் சேனலை மிஞ்சி எந்த நாடகமும் ஓடியிருக்க முடியாது. 2016 நவம்பர் 8-இல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். எனக்குக் கலெக்ஷனில் வந்ததெல்லாம் பழைய ஐந்நூறு. “ஏழு மாசத்துக்கு வச்சுக்க, மிச்சம் பத்து ரூபாய்க்கு டீ குடி” என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். டிசம்பர் 5-இல் ஜெயலலிதா இறந்தார். பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் ரிசார்ட்டில். கதாநாயகி யார், வில்லி யார், அடுத்து யார் போவார்கள் என்று தெரியாத அந்த நாடகத்தைத் தொண்டி முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது. நடுவில் 2017 ஜனவரி 23-இல் சன் டிவி ‘நந்தினி’யை இறக்கிவிட்டது. சுந்தர்.சி கதை, அதுவும் பாம்புதான். பேச்சு, சேலை, கோயில், சாப்பாடு எல்லாம் நம் பக்கம். வடநாட்டு வீட்டு மாடிப்படியில் பாம்பு ஏறி இறங்குவதைப் பார்த்து அலுத்தவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து, அந்த வருஷம் 45 நாள் 61 நாளாகவும் ஆனது. விசைப்படகு ஆட்களெல்லாம் வீட்டில். நாடகத்துக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. ஆனால் ரிமோட் ஆண்கள் கைக்குப் போனது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அங்கே படிக்க வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு மாணவர் டிவி இல்லாமல் லேப்டாப்பிலேயே எல்லாம் பார்ப்பார். நான் நாகினியைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் 1990-இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ கதையைச் சொன்னார். ஒரு பெண்ணைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வியில் நாடே உட்கார்ந்திருந்ததாம். இரண்டாம் சீசனில் சேனல்காரர்கள் நெருக்கி, கொலைகாரன் யாரென்று பாதியிலேயே சொல்லவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் எபிசோடுகள் இருந்தன, பார்க்கத்தான் ஆள் குறைந்துபோனது. 1991-இல் நிறுத்திவிட்டார்கள். நம் ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

பாலாஜிக்காரர்களுக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். 2018 ஜூனில் மூன்றாம் பாகத்தைப் புது நாகினி, புதுக் கதை என்று ஆரம்பித்தார்கள். காதலனைக் கொன்ற கூட்டத்தை ஒவ்வொருவராக முடிக்கிற கதை. மறுபடி பட்டியலுக்கே வந்தார்கள். 2019-இல் தமிழ் சினிமாவில் ‘நீயா 2’ எடுத்தார்கள். அது எங்கள் ஊரில் ஒரு பேச்சும் ஆகவில்லை.

தொழிலும் அதற்குள் மாறிவிட்டது. 2017 செப்டம்பரிலிருந்து அரசு செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. புள்ளியடித்த படம் போய்விட்டது. இப்போது வந்தால் கண்ணாடி, வராவிட்டால் கறுப்பு. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் புது விதி, நூறு சேனலுக்கு 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, கட்டணச் சேனலுக்குத் தனி விலை. வாசலில் என்னிடம் கதை கேட்டவர்கள் இப்போது விலை கேட்கிறார்கள். பையன்கள் போனில் பார்க்கிறார்கள்.

அந்தப் பையன்களில் சிலர் பழைய நாகினியைத் தேடிப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்பதுண்டு. முதல் பாகத்தைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் சிவன்யா சாகும்வரை பாருங்கள், அதற்குமேல் வேண்டாம். மிச்ச நேரத்துக்கு ‘விடாது கருப்பு’ இருக்கிறது. நீங்கள் போனில் பார்த்தால் எனக்கு அதில் ஒரு பைசா வராது. இருந்தாலும் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.